யாருமே சிரிக்காத படத்தில் எங்கே சிரிப்பது? ‘தி மேன் வித்தவுட் எ பாஸ்ட்’ பார்ப்பது எப்படி

கேள்வி இதுதான்: “அகி கௌரிஸ்மாகியின் ‘தி மேன் வித்தவுட் எ பாஸ்ட்’ படத்தை அருமையான காமெடி என்று பலரும் எழுதுகிறார்கள். பார்த்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் மரம் மாதிரி நின்று பேசுகிறார்கள். நடுவில் வங்கிக் கொள்ளை வருகிறது, அதிலும் பரபரப்பு இல்லை. இதில் எதை ரசிப்பது?”

நீங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். இந்தப் படத்தில் முகம் எதையும் காட்டிக்கொடுக்காது. கைகளைப் பாருங்கள். ஒவ்வொரு காட்சியிலும் யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள், பதிலுக்கு என்ன கேட்கிறார்கள் என்ற கொடுக்கல் வாங்கலை மட்டும் தொடர்ந்து பாருங்கள். சிரிப்பு, கசப்பு, குற்றம் மூன்றும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கின்றன. காட்சிகளை எடுத்துக் காட்டித்தான் இதை விளக்க முடியும் என்பதால் முடிவு உட்பட முழுக் கதையையும் சொல்லப் போகிறேன். நீங்கள் ஏற்கெனவே பார்த்தவர். பார்க்காத மற்றவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். அகி கௌரிஸ்மாகி இயக்கி 2002-இல் வெளியான ஃபின்லாந்துப் படம், 97 நிமிடம். கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி கிடைத்தது. நாயகி இர்மாவாக நடித்த காத்தி ஓட்டினென் அதே விழாவில் சிறந்த நடிகை. ஆஸ்கரின் வெளிநாட்டு மொழிப் பிரிவில் இறுதிப் பட்டியலுக்குள் போன முதல் ஃபின்லாந்துப் படமும் இதுதான். ஈராக் போருக்கு அமெரிக்கா தயாராகிக்கொண்டிருந்த நேரம் என்பதால் கௌரிஸ்மாகி அந்த விழாவுக்குப் போக மறுத்துவிட்டார். 1996-இல் வந்த ‘டிரிஃப்டிங் கிளவுட்ஸ்’, இந்தப் படம், 2006-இல் வந்த ‘லைட்ஸ் இன் தி டஸ்க்’ மூன்றையும் சேர்த்து ஒரு முத்தொகுதியாகச் சொல்வார்கள். முதலாவது வேலையின்மை பற்றியது, இரண்டாவது வீடின்மை, மூன்றாவது தனிமை.

கதை எளிமையானது. இரவு ரயிலில் ஹெல்சிங்கிக்கு வந்து இறங்கும் ஒருவன் பூங்கா பெஞ்சில் தூங்கிப்போகிறான். மூன்று ரௌடிகள் மண்டையில் அடித்து, இருப்பதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். மருத்துவமனையில் இறந்துவிட்டான் என்று முடிவு செய்யப்பட்டவன், டாக்டர் வெளியே போனதும் எழுந்து உட்கார்ந்து, கோணிப்போன மூக்கைக் கையால் நேராக்கிக்கொண்டு நடந்து போய்விடுகிறான். பெயர், ஊர், தொழில் எதுவும் நினைவில்லை. படத்தின் நடிகர் பட்டியலில் அவன் பெயர் ‘எம்’ மட்டும்தான். துறைமுகத்தை ஒட்டிப் பழைய சரக்குக் கன்டெய்னர்களில் குடியிருக்கும் ஏழைகள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். ஏழைகளுக்கு உதவும் கிறிஸ்தவ அமைப்பான இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) சூப் ஊற்றும் இர்மாவின் மேல் காதல் வருகிறது. அதன்பின் வங்கி, போலீஸ், பழைய மனைவி, மறுபடி ஹெல்சிங்கி.

இனி, முகங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு வருவோம். கௌரிஸ்மாகி நடிகர்களை ஒத்திகையில் வதைப்பவர் இல்லை. பெரும்பாலும் ஒரே டேக்கில் முடிப்பவர். நடிக்காதே, வசனத்தைச் சொல், நில் என்பதுதான் அவர் முறை. பிரெஞ்சு இயக்குநர் ராபர் பிரெஸ்ஸோனையும் ஜப்பானின் யசுஜிரோ ஓசுவையும் தன் ஆசான்களாக மதிப்பவர் என்பது கேமராவைப் பார்த்தாலே தெரியும். அசையாத ஃபிரேம், எளிமையான கட், தேவைக்கு மேல் ஒரு பொருள்கூட இல்லாத அறை.

இதனால் நடக்கும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நல்லவர், கெட்டவர் எல்லோருக்கும் ஒரே முகம். மருத்துவமனை டாக்டர், வேலைவாய்ப்பு அலுவலக அதிகாரி, போலீஸ் அதிகாரி, வாடகை வசூலிக்கும் செக்யூரிட்டி, சூப் ஊற்றும் இர்மா, வயர் மாட்டித் தரும் எலக்ட்ரீஷியன் எல்லோரும் ஒரே மாதிரி விறைப்பாகத்தான் பேசுகிறார்கள். வழக்கமான படத்தில் ஒருவர் நல்லவரா என்பதைச் சிரிப்பை வைத்தோ பின்னணி இசையை வைத்தோ ஐந்து நொடியில் முடிவு செய்துவிடுவோம். அந்த வசதியை இந்தப் படம் எடுத்துவிடுகிறது. அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். அதனால்தான் கைகளைப் பாருங்கள் என்றேன்.

நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எலக்ட்ரீஷியன் காட்சியை எடுத்துக்கொள்வோம். எம் தன் கன்டெய்னருக்கு மின்சாரம் இழுக்க ஒருவரின் உதவியைப் பெறுகிறான். வேலை முடிந்ததும், எவ்வளவு தர வேண்டும் என்று கேட்கிறான். நான் எப்போதாவது சாக்கடையில் குப்புறக் கிடப்பதைப் பார்த்தால் மல்லாக்கத் திருப்பிப் போடு என்கிறார் அவர்.

இதில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. முதலில் மிகச் சாதாரணமான கேள்வி, கூலி எவ்வளவு. இரண்டாவது, அந்தக் கேள்வியின் மரியாதையைக் கெடுக்காமல் வரும் விபரீதமான விடை. மூன்றாவது, விடைக்குப் பிறகு கேமரா நகராமல் நிற்கும் ஒரு சிறு இடைவெளி. நான்காவது, யாரும் எதிர்வினை காட்டாமல் வரும் கட். சிரிப்பு பிறப்பது மூன்றாவது பகுதியில். அந்த ஓரிரு நொடியில்தான் நம் மனசு அந்த விடையைப் பிரித்துப் பார்க்கிறது. குடித்துவிட்டு விழுந்து கிடப்பது தனக்கு உறுதி என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. குப்புறக் கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போவோம் என்பதும் தெரியும். அதைத் தவிர்க்க ஒரே ஒரு ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறார். ஆக, மின்சாரத்துக்குக் கூலி உயிர்காப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வேறு யாரும் இல்லை என்பதும் உறைக்கிறது.

அந்த இடத்தில் நடிகர் லேசாகப் புன்னகைத்திருந்தால் எல்லாமே போச்சு. அது ஜோக் ஆகிவிடும், அவர் ஜோக் அடிக்கும் ஆளாகிவிடுவார். முகம் அசையாததால் அது ஒப்பந்தமாக நிற்கிறது. நம் ஊர் நகைச்சுவையில் பாதிச் சிரிப்பு எதிராளியின் ரியாக்‌ஷனில் வரும். அடி வாங்குபவர் முழிக்கும் முழியில் தியேட்டர் அதிரும். அந்தப் பழக்கத்தோடு பார்த்தால் ரியாக்‌ஷன் வரும் வரும் என்று காத்திருப்போம். அது வருவதற்குள் படம் அடுத்த காட்சிக்குப் போயிருக்கும். உங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

நெருங்கிப் பார்க்க வேண்டிய இன்னொரு காட்சி ஓட்டலில் வருகிறது. பெயர் இல்லாதவனுக்கு வேலை கிடையாது என்று அரசு அலுவலகம் விரட்டிவிட்டபின் எம் ஒரு சிறிய உணவகத்துக்குள் போகிறான். வெந்நீர் மட்டும் கேட்கிறான், அதற்குக் காசு இல்லை என்பதால். மேசையில் உட்கார்ந்து, பையிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுக்கிறான். அதைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே பயன்படுத்திய டீ பேக். அதை வெந்நீரில் நனைக்கிறான். கவுன்டரில் இருக்கும் பெண் இதைக் கவனிக்கிறாள். பிறகு ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறாள், காசு வாங்காமல்.

தீப்பெட்டியைக் கவனியுங்கள். டீ பேக்கைக் காகிதத்தில் சுருட்டி வைத்திருந்தால் அது பிச்சைக்காரத்தனமாகத் தெரியும். சிகரெட் டப்பாவைத் திறப்பதுபோல் தீப்பெட்டியைத் திறப்பதால் அது பழக்கவழக்கம் தெரிந்த மனிதனின் செயலாகிறது. எம் தன் வறுமையை ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறான். அந்தப் பெண்ணும் ஐயோ பாவம் என்ற பார்வையைத் தரவில்லை, தட்டைத்தான் வைக்கிறாள். கேட்டவனுக்கு வெந்நீர், கேட்காதவனுக்குச் சாப்பாடு. இரக்கத்தை முகத்தில் காட்டாமல் இருப்பது ஏழைக்குச் செய்யும் மரியாதை என்பதை இந்த இயக்குநர் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

எம் கன்டெய்னருக்கு வெளியே உருளைக்கிழங்கு பயிரிடுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விளைச்சல் கைநிறையக்கூட இல்லை. ஒருவர் வந்து கேட்கும்போது எம் கொடுப்பது பாதிக் கிழங்கு. தாராளமும் சிக்கனமும் ஒரே வெட்டில்.

வாடகை வசூலிக்கும் செக்யூரிட்டி அன்டிலாவை (நடிகர் சகாரி குவோஸ்மனென்) எல்லோரும் ரசிப்பார்கள். தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் வாடகை வசூலிப்பவன். பணம் வராவிட்டால் நாயை ஏவிவிடுவேன் என்று மிரட்டுவான். நாயின் பெயர் ஹானிபல். அந்தப் பயங்கர நாய் வந்து எம்மின் காலடியில் படுத்துக்கொள்கிறது. மிரட்டல் எல்லாம் வாயில், கொடுத்துவிட்டுப் போவது ஒரு நாய். படத்தில் இவன் பாத்திரம் போகப் போக எப்படித் திரும்புகிறது என்பதை இரண்டாவது முறை பார்க்கும்போது தொடர்ந்து கவனியுங்கள்.

சப்டைட்டிலில் தொலைந்துபோகும் விஷயம் ஒன்று இருக்கிறது, அது தமிழருக்குச் சொன்னால் உடனே புரியும். ஃபின்னிஷ் மொழியிலும் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறு வேறு. கௌரிஸ்மாகியின் பாத்திரங்கள், குப்பைத் தொட்டியில் குடியிருப்பவர் உட்பட, எழுத்து வழக்கில் பேசுகிறார்கள். கன்டெய்னர் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், “தாங்கள் விரும்பினால் என்னுடன் உணவருந்த வரலாம்” என்று பேசுவதாக நினைத்துப் பாருங்கள். ஃபின்லாந்து ரசிகருக்கு ஒவ்வொரு வரியும் அப்படித்தான் காதில் விழுகிறது. அது சிரிப்பையும் தருகிறது, அந்த மனிதருக்கு ஒரு கம்பீரத்தையும் தருகிறது. ஆங்கில சப்டைட்டில் இதைச் சாதாரணப் பேச்சாக்கிவிடும். எனவே படிக்கும்போது மனசுக்குள் எழுத்துத் தமிழாக மாற்றிக்கொள்ளுங்கள். நிஜமாகவே வித்தியாசம் தெரியும். நீமினென் என்ற குடும்பத்தலைவர் வெள்ளிக்கிழமை குளித்து உடை மாற்றிக்கொண்டு, உன்னை வெளியே சாப்பிட அழைத்துப் போகிறேன் என்று எம்மைக் கூட்டிப் போவார். போய்ச் சேரும் இடம் இலவச சூப் வரிசை. அந்த அழைப்பின் மிடுக்கு காதில் விழுந்தால்தான் காட்சி முழுதாகக் கிடைக்கும்.

இரட்சணிய சேனை என்றால் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனை அவர்களுடையதுதான். 1865-இல் லண்டனில் தொடங்கிய இந்த அமைப்பு ஃபின்லாந்துக்கு 1889-இல் வந்தது. படத்தில் அவர்கள் கிண்டலுக்கு ஆளாகவில்லை. சீருடை, பேண்டு வாத்தியம், கண்டிப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் இர்மா இரவில் தன் சின்ன அறையில் படுத்துக்கொண்டு ரேடியோவில் ராக் அண்ட் ரோல் கேட்கிறாள். எம் குப்பைக்குப் போன ஒரு ஜூக்பாக்ஸைச் சரிசெய்து, பக்திப் பாட்டு மட்டும் வாசித்த சேனையின் பேண்டுக்கு அதிலிருந்து பழைய பாட்டுகளைப் போட்டுக் காட்டுகிறான். அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விதம் தனி அழகு. அந்த பேண்டாக வருபவர்கள் மார்கோ ஹாவிஸ்டோவும் அவர் குழுவும், நிஜமான இசைக்குழு.

இப்போது குற்றத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் கனமான பகுதி அதுதான்.

எம் ஒருநாள் பட்டறை ஒன்றில் வெல்டிங் செய்பவர்களைப் பார்க்கிறான். கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தால் வேலை தானாக வருகிறது. மூளை மறந்ததைக் கை மறக்கவில்லை. வேலை கிடைக்கிறது, ஆனால் சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க வங்கிக்குப் போகிறான். அங்கே ஒரே ஒரு பெண் ஊழியர். அந்த நேரத்தில் வயதான ஒருவர் துப்பாக்கியோடு நுழைகிறார் (எஸ்கோ நிக்காரி). வங்கி முடக்கி வைத்திருக்கும் தன் சொந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு, எம்மையும் ஊழியரையும் பெட்டக அறையில் பூட்டிவிட்டுப் போகிறார். போலீஸ் வந்து திறந்தபின், பெயர் சொல்ல முடியாததால் எம்மை உள்ளே வைக்கிறது.

பரபரப்பு இல்லை என்றீர்கள். ஏன் இல்லை என்று பாருங்கள். கொள்ளையடிப்பவர், ஊழியர், எம் மூவரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். அவசரம் இல்லை, அலறல் இல்லை, துரத்தல் இல்லை. கௌரிஸ்மாகி சூப் வரிசையை எடுத்த அதே தொனியில், அதே லென்ஸ் அளவில், அதே நிதானத்தில் கொள்ளையையும் எடுக்கிறார். அதனால் சூப் கொடுப்பதும் கொள்ளையடிப்பதும் ஒரே கணக்கின் இரு வரிகளாகிவிடுகின்றன. பிறகு அந்த முதியவர் எம்மைத் தேடி வந்து விவரம் சொல்கிறார். தொழில் நடத்தியவர். வங்கி கணக்கை முடக்கியது, இயந்திரங்கள் ஏலம் போயின, தொழிலாளர்களுக்குச் சம்பளப் பாக்கி நின்றுபோனது. பணம் எடுத்தது அந்தப் பாக்கியைக் கொடுக்க. உறைகளை எம்மிடம் ஒப்படைத்து, ஒவ்வொருவரிடமும் சேர்த்துவிடச் சொல்கிறார். பிறகு துப்பாக்கிச் சத்தம். சாவைப் படம் நமக்குக் காட்டுவதில்லை. எம் போய் உறைகளை உரியவர்களிடம் கொடுக்கிறான்.

இது 2002-இல் ஒரு ஃபின்லாந்து ரசிகருக்கு எப்படித் தைத்திருக்கும் என்பதற்குப் பின்னணி தேவை. 1980-களின் இறுதியில் அங்கே கடன் தாராளமாகக் கிடைத்தது. வட்டி குறைவு என்று வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கிய சிறுதொழில் முதலாளிகள் ஏராளம். 1991-இல் சோவியத் வர்த்தகம் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மார்க்கா நாணயத்தின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1992 செப்டம்பரில் சந்தையில் மிதக்க விடப்பட்டது. நாணயம் விழ விழ, வெளிநாட்டுக் கடன் உள்நாட்டுப் பணத்தில் வீங்கியது. ஒழுங்காக நடந்துகொண்டிருந்த கம்பெனிகளும் மூழ்கின. 1990-இல் சுமார் 3 சதவீதமாக இருந்த வேலையின்மை 1994-இல் 16 சதவீதத்தைத் தாண்டியது. வங்கிகளை அரசுப் பணத்தில் காப்பாற்றினார்கள். 1993-இல் பெரிய சேமிப்பு வங்கி ஒன்றைத் துண்டு போட்டுப் போட்டி வங்கிகளுக்கு விற்றார்கள். கடன் வாங்கிய சிறுமுதலாளிகள் பலர் ஆண்டுக்கணக்கில் கடனோடு விடப்பட்டார்கள். துப்பாக்கியோடு வரும் அந்த முதியவர் திரைக்கதைக்காகச் செய்த வினோதப் பாத்திரம் அல்ல. அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் நிலைமை. அந்த வங்கியில் ஒரே ஒரு ஊழியர் மிச்சமிருப்பதும் அப்படித்தான் படிக்கப்பட வேண்டும்.

எம்மை வெளியே எடுக்கச் சேனை அனுப்பும் வழக்கறிஞர் காட்சியும் இதைச் சேர்ந்தது. வந்து உட்கார்ந்து, சட்டப் பிரிவுகளை மூச்சு விடாமல் அடுக்கி, போலீஸ் அதிகாரியை வாயடைக்க வைக்கிறார். அந்த வேடத்தில் வரும் மத்தி வூரி நிஜமாகவே புகழ்பெற்ற வழக்கறிஞர், அப்போது ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. சட்டத்தின் வறட்டு மொழி இதுவரை எம்மை விரட்டியது. இங்கே அதே மொழி அவனை விடுவிக்கிறது.

குற்றங்களை மட்டும் தனியே வரிசைப்படுத்திப் பார்த்தால் படத்தின் நியாயம் பிடிபடும். தொடக்கத்தில் ரௌடிகள் ஒன்றும் கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். கடற்கரையில் நினைவில்லாமல் கிடக்கும் எம்மின் பூட்ஸைக் கழற்றிக்கொள்ளும் கிழவர், தன் பழைய பூட்ஸை மாட்டிவிட்டுப் போகிறார். அது திருட்டில் ஒரு படி குறைவு. முதியவர் துப்பாக்கி முனையில் தனக்குரியதை எடுத்துப் பிறருக்குரியதைக் கொடுக்கிறார். கடைசியில் அதே ரௌடிகள் திரும்ப வரும்போது, இருட்டிலிருந்து துறைமுகத்து மக்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். வன்முறைதான், ஆனால் நமக்கு அங்கே பதைப்பு வருவதில்லை. படம் முழுவதும் எம் வாங்கியதும் கொடுத்ததும் சேர்ந்து அந்தக் கூட்டமாக வந்து நிற்கின்றன.

கசப்பு எங்கே? கைதானதால் எம்மின் படம் பத்திரிகையில் வந்து, மனைவி அடையாளம் காண்கிறாள். ஊருக்குப் போனால் மணவாழ்க்கை நன்றாக இருக்கவில்லை, அவன் சூதாடி, விவாகரத்தும் முடிந்துவிட்டது என்று தெரிகிறது. தன்னைப் பற்றிய இந்தச் செய்தியை அடுத்தவரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்கிறான். மனைவியின் புதிய துணைவர், நாம் சண்டை போட வேண்டுமா என்ற கேள்வியோடு எதிரே நிற்கிறார். வேண்டாம் என்று பேசி முடித்துப் பிரிகிறார்கள். பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் இழந்த வாழ்க்கையைத் திரும்பப் பெற்றவன், அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று கண்டு திரும்புகிறான். திரும்பும் ரயிலின் உணவுப் பெட்டியில் அவன் சாப்பிடுவது சுஷி, குடிப்பது சாக்கே, பின்னணியில் ஜப்பானியப் பாட்டு. காரணமே சொல்லாமல் ஒரு சின்னக் கொண்டாட்டத்தை வைத்திருக்கிறார். ஓசுவுக்கான வணக்கமாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

படத்தின் ஆழமான கசப்பு ஒரு பாட்டில் இருக்கிறது. சேனையின் பழைய பொருள் கடையை நடத்தும் அம்மாவாக வருபவர் அன்னிக்கி தாஹ்தி. 1955-இல் அவர் பாடிய ‘முயிஸ்தத்கோ மொன்ரெபோஸ்’தான் ஃபின்லாந்தில் தங்க இசைத்தட்டு விருது பெற்ற முதல் பாட்டு. மொன்ரெபோ என்பது வீபுரி நகரத்தை ஒட்டிய பூங்கா. வீபுரி அன்றைக்கு ஃபின்லாந்தின் இரண்டாவது பெரிய நகரம். 1939-40 குளிர்காலப் போரிலும் அதைத் தொடர்ந்த போரிலும் அந்த கரேலியா நிலப்பகுதி சோவியத் வசம் போனது. சுமார் 4 லட்சம் பேர் வீடுவாசலை விட்டு மேற்கே வந்து குடியேறினார்கள். அந்த நாட்டில் ஒவ்வொரு தெருவிலும் ஊரை இழந்த குடும்பம் இருந்தது. மொன்ரெபோ உனக்கு நினைவிருக்கிறதா என்று பாட்டு கேட்கிறது. நினைவே இல்லாத ஒருவனின் கதையில், ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, அதே பெண்மணி முதுமையடைந்த குரலில் அதைப் பாடுகிறார். இந்த விவரம் தெரியாமல் பார்த்தால் யாரோ ஒரு பாட்டி பாடுகிறார் என்று கடந்துபோவோம். தெரிந்து பார்த்தால் தொண்டை அடைக்கும்.

ஒளிப்பதிவு பற்றிக் கொஞ்சம். டிமோ சல்மினென் கௌரிஸ்மாகியின் நெடுநாள் ஒளிப்பதிவாளர். பழைய ஸ்டுடியோ படங்களைப்போல ஒரு பக்கத்திலிருந்து திட்டவட்டமாக வெளிச்சம் அடிப்பார். நீலம், சிவப்பு, பச்சை அழுத்தமாக இருக்கும். முகம் காட்டாததை நிறம் காட்டுகிறது: வறுமையான இடங்களில் நிறங்கள் கதகதப்பாகவும், அலுவலகங்கள் வெளிறியும் இருப்பதைக் கவனியுங்கள். இதை வறுமை பற்றிய யதார்த்தப் படமாக எடுத்துக்கொண்டு, கன்டெய்னர் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது, 2002-இல் ஏன் ஜூக்பாக்ஸ் என்று கேட்பவர்கள் உண்டு. இது தேவதைக் கதையின் இலக்கணத்தில் எடுத்த படம். செத்தவன் எழுந்து நடப்பதிலிருந்தே அதை அறிவித்துவிடுகிறார்கள்.

மறுபடி பார்க்கும்போது செய்ய வேண்டியவை. டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். அது 24 ஃபிரேம் படத்தை சீரியல்போல வழுக்க வைத்து, அந்த அசையாத நிலையின் கனத்தைக் கெடுத்துவிடும். பிக்சர் மோடு ‘விவிட்’ என்றிருந்தால் ‘மூவி’ அல்லது ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள், ஏற்கெனவே அழுத்தமான சிவப்பும் நீலமும் விவிடில் வழிந்து முகங்களை மெழுகாக்கிவிடும். டப்பிங் வேண்டவே வேண்டாம். டப்பிங் கலைஞர்கள் காலியாக விட்ட இடத்தை உணர்ச்சியால் நிரப்பிவிடுவார்கள். 1.25 வேகத்தில் பார்ப்பவர்கள் இந்தப் படத்தில் மட்டும் அதைச் செய்யக் கூடாது, சிரிப்பு பிறக்கும் இடைவெளியைத்தான் அது முதலில் தின்னும். சப்டைட்டில் பெரும்பாலும் ஒரு வரிதான் வரும். ஒரே பார்வையில் படித்துவிட்டு மீதி நேரத்தைப் படத்துக்குக் கொடுங்கள். வசனம் முடிந்ததும் போனைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போனை வேறு அறையில் வையுங்கள். வசனம் முடிந்தபிறகுதான் இங்கே காட்சி நடக்கிறது.

முதல் 20 நிமிடத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அதற்குள் அடி, மருத்துவமனை, கடற்கரை என்று வன்மையான பகுதிகள்தான் அதிகம். இர்மா எம்மின் கன்டெய்னருக்கு விருந்துக்கு வரும் காட்சிக்குள் படத்தின் தாளம் உடம்பில் ஏறியிருக்க வேண்டும். சமையலில் உதவட்டுமா என்று அவள் கேட்க, ஏற்கெனவே எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்ற பொருளில் எம் விடை சொல்வான். அங்கே உங்களுக்குச் சிரிப்பு வந்தால் படம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் அந்த இடத்திலிருந்தே தொடருங்கள்.

பிடித்துப்போனால் அடுத்து எதைப் பார்ப்பது என்பதிலும் வரிசை முக்கியம். இதே கலவையில் குற்றம் கூடுதலாக வேண்டுமென்றால் 1990-இல் வந்த ‘ஐ ஹயர்ட் எ கான்ட்ராக்ட் கில்லர்’. லண்டனில் நடக்கும் கதை. தற்கொலைக்குத் தைரியம் வராத ஒருவன் தன்னைக் கொல்ல ஆள் வைத்துவிட்டு, காதல் வந்ததும் தப்பிக்கப் பார்க்கிறான். இனிப்பு கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் 2011-இன் ‘லெ ஹாவ்ர்’ அல்லது 2023-இன் ‘ஃபாலன் லீவ்ஸ்’. ‘லைட்ஸ் இன் தி டஸ்க்’கை உடனே எடுக்க வேண்டாம். அதில் வரும் இரவுக் காவலாளிக்குக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு, எடுப்பவர்கள் அதிகம். இந்தப் படத்தின் கணக்கு அங்கே தலைகீழ். நான்கைந்து கௌரிஸ்மாகி பார்த்தபின் அதற்குப் போனால் தாங்கும். 1990-இன் ‘தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்’ 70 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் எல்லாவற்றையும்விடக் கடுமையானது. அதையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.